ஆட்டிசம் உள்ள மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாமா? கிணற்றுப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு நாலைந்து சொற்கள்தான். தண்ணீரைக் கண்டால் கையை உதறிக்கொண்டு ஓடுகிறான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாசனக் கிணறு, பம்புசெட், தொட்டி எல்லாம் இருக்கின்றன. "இடுப்புல கேன் கட்டி கெணத்துல தள்ளிவுடுங்க அண்ணி, ரெண்டு நாள்ல நீஞ்சிடுவான், நாங்கல்லாம் அப்பிடித்தான் கத்துக்கினோம்" என்கிறார் கொழுந்தனார். வேலூரில் ஒரு நீச்சல் குளத்தில் கேட்டதற்கு "இந்த மாதிரி பிள்ளைங்கள சேர்க்கறதில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். நீச்சல் கற்றுக்கொடுக்கலாமா, எப்படி, எவ்வளவு நாளாகும் என்பது அவருடைய கேள்வி.

அம்மா, கட்டாயம் கற்றுக்கொடுங்கள். நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். இந்தப் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் கிணற்றில் தள்ளிவிடுவது வேண்டாம். நீச்சல் வகுப்பில் சேர்த்த நாளிலேயே கிணற்றைப் பற்றிய கவலை தீர்ந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இந்த இரண்டையும் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆபத்தின் அளவு தெரிய வேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு, மற்ற பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று அதில் கண்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பெரியவர்கள் கண்ணில் படாமல் வெளியே ஓடிப்போக முயன்றிருக்கிறார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். உங்கள் மகன் ஓடுவது உங்கள் வளர்ப்பின் குறை இல்லை. தண்ணீரின் மினுக்கு, அதன் சத்தம், உடம்பைச் சுற்றி ஒரே சீராக அமுக்கும் அந்த உணர்வு எல்லாம் இவர்களில் பலருக்கு வேறெங்கும் கிடைக்காத நிம்மதி. ஆசை அவ்வளவு இருக்கிறது. ஆழம் என்ற பயமோ "வேணாம்" என்று யாராவது சொன்னால் நிற்கிற பழக்கமோ அதற்குச் சமமாக வளர்ந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் பிள்ளை போய்விடுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். வட ஆர்க்காடு கிணற்றுப் பாசன நாடு. பாலாற்றில் வருடத்தில் பல மாதம் மணல்தான் தெரியும், ஆனால் ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் திறந்த கிணறுகள், கைவிட்ட கல்குவாரிக் குட்டைகள், மணல் அள்ளிய பள்ளங்கள். நிறைய கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, வரப்போடு வரப்பாக வாய் திறந்திருக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் அடியில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறிவிடும். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது எத்தனை குட்டைகள் நிரம்பி நின்றன என்பது நினைவிருக்கும். உங்கள் மகனுக்கு ஆனி மாதம் பார்த்த கிணறும் கார்த்திகையில் பார்க்கும் கிணறும் ஒன்றல்ல. தண்ணீர் மேலே வந்து அவனைக் கூப்பிடுகிற மாதிரி நிற்கும்.

அதனால், கோச் தேடும் முன் கொல்லரைத் தேடுங்கள். கிணற்று வாய்க்குக் கம்பி வலையோ இரும்புக் கிரில்லோ போட்டு, மோட்டாரைக் கழற்ற மட்டும் ஒரு திறப்பு விட்டு, அதற்குப் பூட்டுப் போடுங்கள். வலைக்கு உடனே பணம் இல்லையென்றால் சுற்றிலும் ஆளுயர வேலியும் பூட்டிய படலும் போதும். வீட்டு சம்ப் மூடிக்கும் பூட்டு வேண்டும். வாசல் கதவில் மேலே, அவன் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு தாழ்ப்பாள் வையுங்கள், கதவிலேயே சத்தமாக அடிக்கும் ஒரு மணியும் கட்டுங்கள். கையில் வளையமோ கழுத்தில் செயினோ போட்டால் பிய்த்து எறிகிற பிள்ளைகள் கூட அரைஞாண் கயிற்றைப் பொறுத்துக்கொள்வார்கள். அதில் உங்கள் போன் நம்பர் பொறித்த சின்னத் தகடு ஒன்றைக் கோத்துவிடுங்கள். ஆடு மேய்ப்பவர், டீக்கடைக்காரர், பக்கத்து நிலத்துக்காரர் எல்லாரிடமும் "எங்க பையன் தனியா வந்தா புடிச்சி வெச்சிக்கினு எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லி வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்து வைத்த வீடுகளில்தான் தேடுவதற்கு ஆள் குறைவாக இருந்திருக்கிறார்கள்.

அவன் காணவில்லை என்று தெரிந்தால் முதலில் தண்ணீருக்கு ஓடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் பக்கத்து வீட்டிலும் அப்புறம் தேடலாம். மூழ்குவது சில நிமிடங்களில் சத்தமில்லாமல் முடிந்துவிடும். யார் கிணற்றுக்கு, யார் தொட்டிக்கு, யார் ஏரிக்கரைக்கு என்று வீட்டில் இப்போதே பிரித்து வையுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அது பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அமுக்குவது, 2 முறை ஊதுவது என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இதை ஆள்வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள், படித்தால் மட்டும் கை வராது.

இனி கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பிள்ளையின்மேல் பிரியம் இல்லாமல் சொல்லவில்லை. சுரைக்குடுக்கை கட்டியும் கேன் கட்டியும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கிணற்றில் கற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கட்டில் நின்று சிரிக்கும் மாமாவின் முகம் புரிந்தது. "இவர் என்னை விட்டுவிட மாட்டார்" என்று தெரிந்தது. மற்ற பையன்களைப் பார்த்துக் கைகாலை அடித்தார்கள். உங்கள் மகனுக்கு முகத்தைப் படிப்பதும் பார்த்துச் செய்வதும்தான் கடினம். அவனைத் தள்ளினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, மூக்கில் ஏறிய தண்ணீரும் திடுக்கிடலும் மட்டும் நினைவில் நின்று, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூட விடமாட்டான். இன்னொன்று அதைவிட மோசம். கேன் மிதக்கவைத்தது என்று புரியாமல், கிணறு தன்னைத் தாங்கும் என்று மட்டும் பதிந்துபோய், ஒருநாள் கேன் இல்லாமல் குதிப்பான். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளையும் கழுத்து ட்யூபையும் நான் தவிர்ப்பதும் இதனால்தான். அவை பிள்ளையை நட்டுக்குத்தலாக நிற்கவைக்கின்றன, மூழ்காமல் இருக்க உடம்பு படுக்கையாக இருக்க வேண்டும்.

கொழுந்தனாரை விலக்கவும் வேண்டாம். கிணற்றில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய பலம். அவருக்கு வேறு வேலை கொடுக்கலாம், கீழே சொல்கிறேன்.

லண்டனில் ஹாலிவிக் என்ற பள்ளியின் மாணவிகளுக்காக ஜேம்ஸ் மெக்மிலன் என்பவர் 1949இல் ஒரு முறையை உருவாக்கினார். உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, பிறகு எல்லா வகைக் குறைபாட்டுக்கும் பரவியது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், மிதவை கிடையாது, முதலில் தண்ணீரோடு மனம் பழக வேண்டும், பிறகு உடம்பைத் திருப்பவும் நிலைநிறுத்தவும் கற்க வேண்டும், கையடி காலடியெல்லாம் கடைசியில்தான். நம் ஊர் கோச்சுகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடி என்றுதான் முதல் நாள் தொடங்கும். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அது சரி. உங்கள் மகனுக்கு நான் கேட்பது மூன்றே மூன்று: சொல்லும்வரை தண்ணீரில் இறங்காமல் உட்காருவது, விழுந்தால் திரும்பி ஓரத்தைப் பிடிப்பது, பிடிக்க ஒன்றுமில்லை என்றால் மல்லாந்து மிதப்பது. இந்த மூன்றும் வந்த பிறகு ஃப்ரீஸ்டைல் கற்றாலும் சரி, கற்காவிட்டாலும் சரி.

உட்காருவதைத்தான் நான் முதல் பாடமாக வைப்பேன். குளத்தின் ஓரத்தில் அவன் உட்கார்ந்து, நீங்கள் "வா" என்று சொன்ன பிறகு இறங்குகிறான். தொடக்கத்தில் உட்கார்ந்த நொடியே "வா" சொல்லுங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை, அப்புறம் பத்துவரை என்று நீட்டுங்கள். அவனுக்கு உலகத்திலேயே பிடித்த பரிசு தண்ணீர். அதுவே காத்திருந்ததற்குக் கிடைக்கும்போது வேறு மிட்டாய் தேவையில்லை. வீட்டுக் குளியலிலும் தொட்டியிலும் இதே சொல், இதே வரிசை. ஒருவர் "வா", இன்னொருவர் "குதி", ஆயா "எறங்குடா கண்ணு" என்று ஆளுக்கொன்று சொன்னால் அவனுக்கு மூன்று வேறு மொழி ஆகிவிடும். ஐந்தாறு சொற்களை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: வா, இரு, ஊது, மித, திரும்பு, பிடி. சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் காதில் விழுந்தது உடம்புக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதற்குள் மூன்று தடவை திருப்பிச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

ஊதுவதை வீட்டில் அண்டாவில் தொடங்கலாம். இந்தப் பிள்ளைகளில் பலர் முகம் நனைந்ததும் வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்துவிடுவார்கள். உறிஞ்சுகுழாயால் குமிழி விடுவதில் தொடங்கி, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டே வந்தால் ஒருநாள் உதடு தண்ணீரில் இருக்கும். சொம்பில் தலைக்கு ஊற்றும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூன்றில்தான் ஊற்ற வேண்டும். எதிர்பாராமல் ஊற்றிய ஒரு சொம்பு, ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

ஓரத்தைப் பிடிப்பதைக் கடைசியிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் கை ஓரத்தைத் தொடும் அளவு நெருக்கத்தில் வைத்து, அவனே பிடிக்கட்டும். பிடித்ததும் பாராட்டு. அடுத்து ஒரு சாண் தள்ளி, அடுத்து ஒரு முழம். பிறகு ஓரத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி, திரும்பிப் பிடிக்க விடுங்கள். கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்தவனை மெல்லச் சரித்து இறக்கி, தானே திரும்பி வரவிடுவது. ஒவ்வொரு முறையும் வெற்றியில் முடிகிறது என்பதுதான் இதன் பலம். மிதப்பதற்கு அவன் தலை உங்கள் தோளில் சாய்ந்திருக்கட்டும். காது தண்ணீருக்குள் போகும்போது சத்தம் மாறுவது சிலரைப் பதறவைக்கும், சிலருக்கு அதுவே பெரிய அமைதி. அவன் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் பழகிய பிறகு, வீட்டில் போடும் டிராயர் சட்டையோடு இதே பயிற்சி வேண்டும். ஓடிப்போகும் பிள்ளை நீச்சல் உடையில் ஓடுவதில்லை.

குளத்தில் பழகியது கிணற்றில் தானாக வராது, இதை அழுத்திச் சொல்கிறேன். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் பொருத்திப் பார்ப்பது ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கடினம். குளத்தில் நீல டைல்ஸ், தெளிந்த தண்ணீர், தண்ணீர் மட்டத்திலேயே பிடிக்க ஓரம், ஏணி எல்லாம் உண்டு. கிணற்றில் கறுத்த தண்ணீர், செங்குத்துப் பாறை, பாசி பிடித்த கல்படி. கொழுந்தனாரின் வேலை இங்கேதான் வருகிறது. குளத்தில் மூன்று பாடமும் நன்றாக வந்த பிறகு, உங்கள் பம்புசெட் தொட்டியில் அவர் கூடவே இறங்கி அதே சொற்களால் அதே பாடம் நடத்தட்டும். இடுப்பளவு தண்ணீர், ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் ஒயருக்கும் எட்டாத பக்கம், மோட்டார் நின்றிருக்கும் நேரம். கிணற்றை மட்டும் நீந்தும் இடமாகக் காட்ட வேண்டாம். அதற்குச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கோடு வந்ததும் நிற்கப் பழக்குவதே சரி என்பது என் கருத்து. சில நண்பர்கள் கிணற்றிலும் இறக்கிப் பழக்க வேண்டும் என்பார்கள். பேச்சு நன்றாக உள்ள, பதினாலு வயதுப் பையனுக்கு ஒத்துக்கொள்வேன், ஏழு வயதுக்கு மாட்டேன்.

குளத்துக்குப் போகும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபிட்ஸ் இருக்கிறதா, வந்திருக்கிறதா? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. இருந்தால் நீச்சலே கூடாது என்பதில்லை. மாத்திரை தவறாமல் போக வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். காதில் சீழ் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வளர்ச்சிக் குறைபாட்டுக் குழந்தைகள் பிரிவிலோ, பாகாயத்தில் உள்ள நம்பிக்கை நிலையத்திலோ ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்தால், ஓ.டி. (அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சை) பார்ப்பவரிடம் அவனுக்கு எந்தச் சத்தம், எந்தத் தொடுகை ஆகாது என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாள்தான் கோச்சுக்குப் பாடப்புத்தகம்.

உங்களை மறுத்த குளத்தைப் பற்றி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 30ஆவது பிரிவு, விளையாட்டில் பங்கேற்பது இவர்களின் உரிமை என்கிறது. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுங்கள். "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், வாரத்தில் இரண்டு நாள், கூட்டமில்லாத அரைமணி நேரம், பெற்றோர் கூட இறங்க அனுமதி, விசில் ஊதாமல் இருப்பது என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பாகக் கேட்டதை மறுப்பது கடினம். கோச் கிடைத்துவிட்டால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: "அவன் அழுதா என்ன பண்ணுவீங்க?" "ரெண்டு முக்கு முக்கினா சரியாயிடும்" என்பவரிடம் விடாதீர்கள், எவ்வளவு பெரிய பயிற்சியாளராக இருந்தாலும் சரி.

கூட இறங்குவது யார் என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. அப்பா திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருப்பார், புடவையோடு குளத்தில் விடமாட்டார்கள். பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை என்பார்கள். உடம்பு முழுக்க மூடும் நைலான் நீச்சல் உடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கும் குளங்களில், ஏழு வயது மகனைக் கூட அழைத்துவர அனுமதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று நினைக்கிறேன். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. நாள் முழுக்க அவன் பின்னால் ஓடுகிறவர் நீங்கள்தான், கிணற்றுப் பக்கம் முதலில் போய்ச் சேரப் போவதும் நீங்கள்தான். நீந்தத் தெரியாமல் பிள்ளையின் பின்னால் குதித்த தாய்மார்கள் நம் மாவட்டத்துச் செய்திகளில் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

முதல் சில தடவை தண்ணீரில் இறங்காமல் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு மட்டும் வாருங்கள். போனில் வாசல், உடை மாற்றும் அறை, ஷவர், படிக்கட்டு என்று வரிசையாகப் படமெடுத்து இரவில் காட்டுங்கள். வேலூர் வெயிலில் பதினோரு மணிக்குமேல் குளத்தோரக் கல் காலைச் சுட்டுவிடும், காலை நேரமே நல்லது. அரைமணிக்கு மேல் வேண்டாம். பெரிய ரகளை வகுப்பின் தொடக்கத்தில் வராது, முடிவில்தான் வரும், வெளியே வர மாட்டான். அதனால் முடிவு எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்: மூன்று தடவை ஓரத்தைப் பிடி, படியேறு, துண்டு, வறுகடலை. அந்தத் துண்டும் வறுகடலையும் ஒருநாளும் மாறக் கூடாது.

நீச்சல் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லி, நீர் சிகிச்சை என்று பெரிய தொகை கேட்பவர்கள் உண்டு. குணப்படுத்தாது. தூக்கம் மேம்படுவதையும், உடம்பின் பதற்றம் தணிவதையும், கைகால் ஒருங்கிணைப்பு வளர்வதையும் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, நானும் கண்ணால் பார்க்கிறேன். அதுவே போதிய காரணம்.

இவனால் முடியுமா என்று வீட்டில் யாராவது கேட்டால், மும்பையின் ஜியா ராயைப் பற்றிச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பெண். 2022 மார்ச் 20 அன்று, பதின்மூன்று வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். 2024இல் இங்கிலீஷ் கால்வாயையும் கடந்தார். உங்கள் மகன் கடல் கடக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டும் வாயை அடைக்க இது உதவும்.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், மற்ற பிள்ளைகள் ஒரு கோடை முகாமில் கற்பதை இவன் இரண்டு கோடையில் கற்கலாம். காத்திருந்து இறங்குவது முதலில் வரும், ஓரத்தைப் பிடிப்பது சில மாதங்களில் வரும், மிதப்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். மாசி, பங்குனியில் தொடங்கினால் நல்ல ஓட்டம் கிடைக்கும். மழைக்காலத்தில் குளம் குளிரும், வகுப்பு நிற்கும், கற்றது மங்கும். அந்த மாதங்களில் வெதுவெதுப்பான தண்ணீர் அண்டாவில் ஊதுவதையும், "வா" சொல்லும்வரை உட்காருவதையும் தினமும் விடாமல் செய்யுங்கள். கிணற்றில் தண்ணீர் ஏறுவதும் அதே மாதங்களில்தான், ஆகவே வலையின் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஐப்பசி பிறந்ததும் வீட்டில் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்துவிடுங்கள்.